வளர்ப்புப் பாம்புக்கும் பல்லிக்கும் எளிதில் சுத்தம் செய்யக்கூடிய அடிவிரிப்பு: முழுமையான வழிகாட்டி

பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்நேக் என்னும் இரண்டு பாம்புகள், லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன் என்னும் இரண்டு பல்லிகள் ஆகிய நான்கையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் இவற்றில் ஒன்றையே கொண்டுவருகிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே, விலங்கை வைக்கும் கண்ணாடித் தொட்டியின் தரையில் பரப்பும் அடிவிரிப்பைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு நாற்றம், பூஞ்சை, தோல் புண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து தேடுகிறார்கள். ஒரு விரிப்பு எவ்வளவு நாள் நாற்றத்தை மறைக்கிறது என்பதை வைத்து அதை எளிதானது என்று சொல்லக் கூடாது. அழுக்கு உடனே கண்ணில் பட வேண்டும், பட்டதை முழுவதுமாக எடுத்துவிட முடிய வேண்டும். கீழே உள்ள எல்லாப் பரிந்துரைகளும் இந்த அளவுகோலை ஒட்டியவையே.

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி, உடும்பு போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பால் பைத்தான், பச்சை இகுவானா போல சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்பவரிடம் உரிய ஆவணங்கள் இல்லையென்றால் விலங்கை வாங்க வேண்டாம்.

1. எதையும் வாங்குவதற்கு முன் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதலாவது, உங்கள் விலங்குக்குத் தேவையான காற்றின் ஈரப்பதம். லெப்பர்ட் கெக்கோவுக்கும் பியர்டட் டிராகனுக்கும் 30 முதல் 40 சதவீதம் போதும். கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 வரை இருக்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானுக்கு 60 முதல் 80 வரை வேண்டும். அது குறைந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்மேல் உள்ள பழைய தோல் கழலாமல் தங்கிவிடும்.

இரண்டாவது, தொட்டி வைக்கப்போகும் அறையின் ஈரப்பதம். மின்னணு ஹைக்ரோமீட்டர் ஒன்றை அந்த இடத்தில் ஒரு வாரம் வைத்து, காலையிலும் இரவிலும் எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் கடற்கரை ஊர்களின் அறைகளில் காற்று தானாகவே ஈரமாக இருக்கும். சித்திரை வெயிலில் மதுரைப் பக்கத்து அறையோ, இரவெல்லாம் ஏ.சி. ஓடும் அறையோ அதற்கு நேர்மாறாக இருக்கும். அதனால்தான் ஒருவர் வீட்டில் நன்றாக வேலை செய்த விரிப்பு இன்னொருவர் வீட்டில் பூஞ்சை பிடிக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே வாங்குவோர் இந்த அளவை எடுக்காமலே வாங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது, வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பது. மேலிருந்து விளக்கு என்றால் அடிவிரிப்பின் தடிமன் பெரிய சிக்கல் இல்லை. தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் என்றால் தடிமன் முக்கியமாகிறது. தடித்த விரிப்பு வெப்பத்தை மேலே வரவிடாது. விலங்கோ சூடு தேடித் தோண்டிக்கொண்டு நேராகக் கண்ணாடிமேல் போய்ப் படுத்து, வயிற்றில் சுட்டுக்கொள்ளும். எந்த விரிப்பானாலும் ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்கவே கூடாது.

2. கழிவு எப்படி வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊர்வனவற்றின் கழிவில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று பழுப்பு நிற மலம். மற்றொன்று வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ வரும் யூரேட். இது சிறுநீரின் கெட்டியான வடிவம். யூரேட் நீரில் எளிதாகக் கரையாது. காய்ந்துவிட்டால் சுண்ணாம்புபோல இறுகி, டைல்ஸிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை. காய்ந்த பிறகென்றால் வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் அதன்மேல் போட்டு வைத்து, இளகிய பிறகு துடைக்க வேண்டியிருக்கும்.

இனத்துக்கு இனம் பழக்கம் மாறும். லெப்பர்ட் கெக்கோ பெரும்பாலும் ஒரே மூலையில்தான் கழிக்கும். அந்த மூலை எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அங்கே மட்டும் ஒரு டிஷ்யூத் தாளை மடித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. பியர்டட் டிராகன் குட்டிகள் கிட்டத்தட்ட நாள்தோறும் கழிக்கும், அதன்மேலேயே நடந்தும் போகும். வளர்ந்த பால் பைத்தானோ பல நாட்களுக்கு ஒன்றும் வைக்காது. வைக்கும்போது ஏராளமாக, நிறைய நீருடன் வைக்கும். சிறிதளவே அடிக்கடி கழிக்கும் விலங்குக்குத் துடைக்கக்கூடிய கெட்டித் தளம் பொருந்தும். அரிதாக, ஆனால் அதிகமாகக் கழிக்கும் விலங்குக்கு நீரை உறிஞ்சும் விரிப்பு பொருந்தும்.

3. முதல் மூன்று மாதங்களுக்குக் காகிதமே போதும்

புதிதாக வந்த விலங்கு எதுவானாலும், பிறகு எந்த விரிப்புக்கு மாற்றும் எண்ணம் இருந்தாலும், காகிதத்தில்தான் தொடங்க வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது. காகிதம் அழகாக இல்லை என்பதைத் தவிர அவர்களுக்கும் வேறு காரணம் இருப்பதில்லை.

காகிதம் ஏன் வேண்டும் என்றால், விலங்கின் உடல்நிலையை அதுதான் காட்டிக்கொடுக்கும். மலம் கெட்டியாக இருக்கிறதா, சளியோ இரத்தமோ புழுவோ கலந்திருக்கிறதா, யூரேட் வழக்கமான நிறத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் வெள்ளைத் தாளில் ஒரு பார்வையில் தெரியும். மைட் என்னும் சிறு உண்ணிகளும் அப்படித்தான். பாம்பின் கண்ணோரத்திலும் தாடையின் அடியிலும் செதில்களுக்கிடையே ஒளிந்திருக்கும் இவை, காகிதத்தில் ஊரும்போது மிளகுத்தூள் நகர்வதுபோல் தெரியும். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலும் கரும்புள்ளிகளாக மூழ்கிக் கிடக்கும். மரத்தூளிலோ தேங்காய் மட்டைத் துண்டுகளிலோ இதைக் கண்டுபிடிக்கும்போது தொட்டி முழுவதும் பரவியிருக்கும்.

அச்சிடாத வெள்ளை நியூஸ்பிரிண்ட் தாள் கிடைத்தால் அதுவே மேல். பழைய செய்தித்தாளையும் பயன்படுத்தலாம். வெளிர்நிற விலங்கின்மேல் சிறிது மை ஒட்டலாம் என்பதுதான் குறை. கெக்கோக்களுக்குச் சமையலறை டிஷ்யூ சுருள் வசதியானது. பளபளப்பான வாராந்தர இதழ்த் தாள்கள் நீரை உறிஞ்சாது, அவை வேண்டாம்.

விரிக்கும் முறை: தொட்டியின் உள்ளளவைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரற்கடை கூடுதலாக வெட்டி, ஓரங்களை மேல்நோக்கி மடித்து, மூன்று அல்லது நான்கு அடுக்காக விரியுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் பதுங்குமிடங்களையும் ஓரங்களின்மேல் வைத்தால் தாள் நகராது. மாற்றும்போது மேல் தாளை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்தாமல், ஈரம் எத்தனை அடுக்கு இறங்கியிருக்கிறதோ அத்தனையையும் எடுக்க வேண்டும். மேலே உலர்ந்து காணப்படும் தாளுக்கு அடியில் தங்கும் ஈரத்தில்தான் பாம்பின் வயிற்றுச் செதில்கள் புண்ணாகத் தொடங்குகின்றன.

பாம்பு தாளுக்கு அடியில் போய்ப் படுக்கும். அதற்காகத் தாளை டேப் போட்டு ஒட்டாதீர்கள். டேப்பில் செதில் ஒட்டிக்கொண்டால் தோல் கிழியும். உடல் சரியாகப் பொருந்தும் அளவில் பதுங்குமிடம் ஒன்றைச் சூடான பக்கமும் ஒன்றைக் குளிர்ந்த பக்கமும் வைத்தால், தாளுக்கு அடியில் போகும் பழக்கம் பெரும்பாலும் குறைந்துவிடும்.

காகிதம் ஈரத்தைத் தாங்காது என்பது உண்மை. அதற்காகத் தொட்டி முழுவதையும் ஈரமாக்க வேண்டியதில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் விலங்கு நுழையும் அளவு துளையிட்டு, துளையின் விளிம்பை மழமழவென்று தேய்த்து, உள்ளே பிழிந்தெடுத்த ஸ்பாக்னம் பாசியை இட்டு வையுங்கள். சட்டை உரிக்கும் காலத்தில் விலங்கு தானாகவே அதற்குள் போய்விடும். பாசியை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

4. லெப்பர்ட் கெக்கோவுக்கும் பியர்டட் டிராகனுக்கும் டைல்ஸ்

காகிதத்தில் வைக்கும் முதல் மூன்று மாதங்கள் முடிந்து, மலம் சீராக இருக்கிறது என்று உறுதியான பிறகு, இந்த இரண்டு பல்லிகளுக்கும் நான் முதலில் சொல்வது தரைக்குப் போடும் டைல்ஸைத்தான். அது எதையும் உறிஞ்சாது, பூஞ்சை பிடிக்காது, வெயிலில் காயவைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். இரையோடு சேர்த்து விழுங்கித் தொலைக்க அதில் துகளும் இல்லை.

டைல்ஸ் கடையில் குளியலறைக்கான ஆன்ட்டி ஸ்கிட் வகையில், ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் கேளுங்கள். பளபளப்பான சுவர் டைல்ஸ் வேண்டாம். பல்லியின் கால்கள் அதில் வழுக்கும், நகமும் தேயாமல் நீளும். மிகவும் சொரசொரப்பான கல்லும் வேண்டாம். அதன் குழிகளில் யூரேட் இறுகிவிடும். விரல் நுனியால் தேய்த்தால் பிடிப்பு தெரிய வேண்டும், அதே சமயம் ஈரத்துணியை ஒருமுறை இழுத்தால் சுத்தமாக வர வேண்டும்.

மூன்றடிக்கு ஒன்றரை அடி தொட்டிக்கு மூன்று முழு டைல்ஸும், இரண்டாக வெட்டிய மூன்று அரை டைல்ஸும் வேண்டும். ஆனால் வெட்டக் கொடுப்பதற்கு முன் தொட்டியின் உள்ளளவை அளந்துவிடுங்கள். கண்ணாடித் தடிமனை மறந்துவிட்டு வெளியளவைச் சொல்லி வெட்டி வந்து, ஒரு பக்கம் நுழையாமல் திரும்பவும் கடைக்கு ஓடுவது அடிக்கடி நடக்கிறது. உள்ளளவைவிட மொத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் எடுக்கவும் வைக்கவும் எளிது. வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள்.

டைல்ஸைச் சிமென்ட்டோ சிலிக்கானோ வைத்து ஒட்டாதீர்கள். எடுக்க முடிவதுதான் இதன் சிறப்பே. இடைவெளிகளில் உணவுக்காக விட்ட பூச்சிகள் ஒளிந்துகொள்ளும் என்பதால், இடுக்கில் டிஷ்யூத் தாளை மடித்துச் செருகி, சுத்தம் செய்யும்போது மாற்றிவிடலாம். கழிக்கும் மூலைக்கு மட்டும் ஒரு டைல் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒன்று ஊறும்போது மற்றொன்று தொட்டியில் இருக்கும்.

டைல் வெப்பத்தைத் தேக்கிவைக்கும். விளக்கின் அடியில் இருக்கும் டைலின் மேற்பரப்பு, காற்றின் வெப்பத்தைவிட அதிகமாகவே சுடும். எனவே தெர்மோஸ்டாட்டின் உணரியை டைலின் மேற்பரப்பில் வைக்க வேண்டும். காற்றில் தொங்கவிடக் கூடாது. தோண்டும் இயல்பு இந்தப் பல்லிகளுக்கு உண்டு. அதற்காக, தாழ்வான தட்டு ஒன்றில் ஈரமான தேங்காய்நார்த்தூளைத் தனியாக வைத்தால் போதும்; அழுக்கானால் தட்டோடு எடுத்துவிடலாம்.

5. பால் பைத்தானுக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள்

ஈரப்பதம் மிகுதியாக வேண்டிய பாம்புக்குக் காகிதத்தை நிரந்தரமாக வைப்பது கடினம். வெட்டி உலர்த்திய தேங்காய் மட்டைத் துண்டுகள், அதாவது கோகோ சிப்ஸ், இதற்கு ஏற்றவை. ஈரத்தைப் பிடித்து மெதுவாக விடும், எளிதில் பூஞ்சை பிடிக்காது. துண்டுகள் பெரியவை என்பதால் கழிவு விழுந்த இடத்தை அப்படியே கையளவு அள்ளி எடுத்துவிடலாம். கோகோபீட் எனப்படும் நார்த்தூள் அதே மட்டையிலிருந்துதான் வருகிறது, ஆனால் காய்ந்தால் தூசி பறக்கும், ஈரமானால் மூக்குத்துளையிலும் வாயோரத்திலும் ஒட்டும். தூளை மட்டும் போடுவதைவிடத் துண்டுகளை மட்டும் போடுவது சுத்தம் செய்ய எளிது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது அருகிலேயே கிடைக்கும் பொருள். பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து தோட்டக்கலைக்கென அழுத்திய கட்டிகளாக வெளிநாடுகளுக்கும் போகிறது. வாங்கும்போது இரண்டைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: உரம் எதுவும் கலக்காததாக இருக்க வேண்டும், கழுவி உப்பு நீக்கியதாக இருக்க வேண்டும். தோட்டத்துக்காரர்கள் இதை லோ ஈ.சி. என்பார்கள். கழுவாத மட்டையில் உப்பு தங்கியிருக்கும்.

தயாரிப்பு இப்படி: கட்டியை வாளியில் இட்டு வெதுவெதுப்பான நீர் ஊற்றி விரியவிடுங்கள். நீரை வடித்துவிட்டு நல்ல நீரில் இன்னொரு முறை அலசுங்கள். பிறகு சாக்கில் பரப்பி வெயிலில் காயவையுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் சொட்டு நீர்கூட வரக் கூடாது, ஆனால் உள்ளங்கை சற்றே ஈரமாக வேண்டும். அதுதான் பதம்.

தொட்டியில் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். வெப்பம் அடியிலிருந்து வருமானால் இவ்வளவு உயரம் கூடாது. விளக்குக்கோ மேலிருந்து சூடு தரும் கருவிக்கோ மாறிய பிறகே இதைப் போட வேண்டும். ஈரப்பதம் குறையும்போது மேலே தெளிக்காதீர்கள். நான்கு மூலைகளிலும் சிறிதளவு நீரை ஊற்றினால் அது அடியில் பரவி, கீழ்ப்பகுதி ஈரமாகவும் பாம்பு படுக்கும் மேற்பகுதி உலர்வாகவும் இருக்கும். காற்று ஈரமாக இருக்க வேண்டும், வயிறு படும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். நாள்தோறும் மேலே தெளித்துக்கொண்டே இருந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, கொப்புளித்து, புண்ணாகும்.

உறையவைத்த எலியை உறைநீக்கி, ஈரத்தோடு நேராகத் துண்டுகள்மேல் போட்டால் துகள் ஒட்டி இரையோடு உள்ளே போகும். இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் தட்டையான டைலின்மேல் வையுங்கள்.

6. கார்ன் ஸ்நேக்குக்கு ஆஸ்பன்

தூசி நீக்கிய ஆஸ்பன் மரச்சீவல் உலர்ந்த அறைக்கு நல்லது. பாம்பு அதற்குள் சுரங்கம் அமைக்கும், கழிவு சீவலோடு சேர்ந்து கட்டியாகும், எடுப்பது எளிது. ஆனால் ஈரம் பட்டால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். உங்கள் வாரக் குறிப்பில் அறையின் ஈரப்பதம் பெரும்பாலும் 65-க்கு மேல் இருந்தால் ஆஸ்பனை விட்டுவிட்டுக் காகிதத்திலேயே தொடருங்கள். தண்ணீர்க் கிண்ணம் கவிழாத கனமானதாக இருக்கட்டும்.

7. இவற்றை வாங்க வேண்டாம்

தேவதாரு மரச்சீவல் எந்த ஊர்வனவுக்கும் ஆகாது. அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய்கள் மூச்சுக்குழாயையும் தோலையும் தாக்கும். மர அறுவை ஆலையில் மலிவாகக் கிடைக்கும் தூளும் வேண்டாம். அதில் என்ன மரம், என்ன மருந்து கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

செரிக்கும் என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணலைப் பல்லிகள் சுவைத்து விழுங்கும். அது ஈரத்தில் இறுகிக் குடலை அடைக்கும். மக்காச்சோளத் தக்கைத் துண்டும் அக்ரூட் ஓட்டுத்தூளும் பூனை மணலும் இதே காரணத்தால் கூடாது. ஊர்வனக் கம்பளம் என்று விற்பதில் இழைக் கண்ணிகளில் நகமும் பல்லும் மாட்டும், கழிவு நூலுக்குள் இறங்கிவிடும். பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், ஆனால் மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். கழிவைத் தின்னும் பூச்சிகளை மண்ணில் வளர்க்கும் பயோஆக்டிவ் முறையைக் கடைகளில் சுத்தமே செய்ய வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். அது தனியாகக் கற்க வேண்டிய கலை. முதல் தொட்டிக்கு அதை எடுக்காதீர்கள்.

8. விலங்கை விடுவதற்கு முன் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்

விரிப்பு, கிண்ணம், பதுங்குமிடம், வெப்பம் எல்லாவற்றையும் அமைத்து, விலங்கு இல்லாமல் 48 மணி நேரம் இயக்குங்கள். சூடான பக்கத்தில் விரிப்பின் மேற்பரப்பு வெப்பம், அதன் அடியில் உள்ள வெப்பம், குளிர்ந்த பக்கத்து ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதி மேற்பரப்பைவிட மிகவும் சூடாக இருந்தால் விரிப்பின் தடிமனைக் குறையுங்கள். கண்ணாடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளி படிந்தால் ஈரம் அதிகம்.

எறும்பு ஏறுகிறதா என்பதையும் இந்த நாட்களில் பாருங்கள். எறும்புப் பொடி, கரப்பான் மருந்து எதையும் தொட்டி அருகே போடக் கூடாது. மேசைக் கால்களை நீர் நிரப்பிய கிண்ணங்களில் வைத்தால் போதும். காகிதமும் மரச்சீவலும் இருக்கும் தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வைப்பது கரையானைத் தடுக்கும்.

9. சுத்தம் செய்யும் வரிசை

நாள்தோறும் காலையில் ஒருமுறை பார்த்து, கழிவையும் அதைச் சுற்றி நனைந்த விரிப்பையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அலசினால் மட்டும் அதன் சுவரில் படியும் வழுவழுப்பு போகாது.

முழுச் சுத்தம் டைல்ஸுக்கு வாரம் ஒருமுறை. மட்டைத் துண்டுகளுக்கும் ஆஸ்பனுக்கும், கழிவை அன்றாடம் எடுப்பவராக இருந்தால், மாதத்துக்கு ஒருமுறையோ சற்றுத் தள்ளியோ செய்யலாம். நாள் கணக்கைவிட மூக்கை நம்புங்கள். மூடியைத் திறந்ததும் அமோனியா வாடை வந்தால், தேதி எதுவானாலும் அன்றே மாற்ற வேண்டும்.

வரிசை மாறக் கூடாது. முதலில் விலங்கைக் காற்றோட்டமுள்ள பூட்டிய பெட்டிக்கு மாற்றுங்கள். அடுத்து விரிப்பு முழுவதையும் வெளியே எடுங்கள். அதன்பின் வெந்நீரும் சிறிது பாத்திரச் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். அழுக்கின்மேல் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அந்த அழுக்கோடே தீர்ந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி, முழுவதும் காயவைத்த பிறகே புதிய விரிப்பைப் போடுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு சுத்தப்படுத்தியையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

பினாயிலும் டெட்டாலும் ஃபீனால் வகையைச் சேர்ந்தவை. ஊர்வனவற்றுக்கு அவை நஞ்சு. வீட்டில் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருப்பவை என்பதால் வீட்டாருக்கும் வேலைக்கு வருபவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

லெப்பர்ட் கெக்கோவின் வால் மெலிந்து, சாப்பிட்டும் எடை குறைந்தால், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். பிளீச் அதைக் கொல்லாது. அப்படிச் சந்தேகம் வந்த அன்றே காகிதத்துக்குத் திரும்பி, மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்தத் தொட்டியின் இடுக்கி, கிண்ணம், துணி எதையும் வேறு தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

10. கைகள், கழுவும் இடம், குப்பை

ஆரோக்கியமாகத் தெரியும் ஊர்வனவின் மலத்திலும் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். ஆகவே டைல்ஸையும் கிண்ணங்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வெளிக்குழாயோ, தனி வாளியோ வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்கும் பிரஷும் துணியும் இதற்கென்று தனியாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவுங்கள். சானிடைசர் மட்டும் போதாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோர் இந்த வேலையில் கைவைக்க வேண்டாம்.

பழைய விரிப்பைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மட்டைத் துண்டுகள் மண்ணுக்கு நல்லதுதானே என்று கீரைப்பாத்தியிலோ, பச்சையாகச் சாப்பிடும் காய்களின் தொட்டியிலோ கொட்டாதீர்கள். மைட் இருந்த விரிப்பானால் பையை இறுக்கிக் கட்டி, வீட்டுக்குள் வைக்காமல் அன்றே வெளியேற்றிவிடுங்கள்.